மழைநாள் முத்திரை

ஆவாரந்தாங்கல் ஏரிக்கு எங்கள் எல்லோரையும் தெரியும். யார் வீட்டுக் கழிவு கலந்தாலும் அந்த வீட்டு எண்ணைச் சொல்லிவிடும். அதற்காகத்தான் அரசாங்கம் ஊரில் பெரியவர்கள் எல்லோர் வாயிலும் சொட்டு விட்டது.

சொட்டில் இருந்தது ஒரு பாக்டீரியா. தீங்கில்லாதது. குடலில் போய் உட்கார்ந்துகொண்டு சும்மா இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வகை. அதற்கு முத்திரை என்று பெயர் வைத்தார்கள். கழிவு ஒழுங்காகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் முத்திரை அங்கேயே செத்துவிடும். யாராவது மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டால் உயிரோடு ஏரிக்கு வந்து சேரும். ஏரிக்குள் இறக்கியிருக்கும் கருவி அதைப் படிக்கும். நடைபாதை வாசலில் இருக்கும் பெரிய பலகையில் வீட்டு எண் சிவப்பில் எரியும்.

நம் ஆட்கள் வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று மேலே யாரோ நம்பியிருக்கிறார்கள். நல்ல மனிதராக இருக்கவேண்டும். இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது.

நான் அந்தக் கருவியின் அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். நுண்ணுயிரியலில் முதுகலை. மாநகராட்சியில் ஒப்பந்த வேலை. குடியிருப்பது ஏரியின் மேற்குக் கரையில், ஆம்பல் என்கிளேவில். அங்கே ஆம்பல் கிடையாது. அடுக்குமாடிகள் உண்டு.

சொட்டு போட வந்தபோது என்கிளேவ்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, கூட்டினால் ஒன்பது வருகிற எண் கிடைக்குமா என்பது. இரண்டாவது கேள்வி, இதை அழிக்க மாத்திரை உண்டா என்பது. இரண்டும் கிடைத்தன. மாத்திரையை மருந்துக் கடையில் வயிற்றுக்கு நல்லது என்று விற்றார்கள். ஒன்று போட்டால் இருக்கிற முத்திரை அடியோடு போய்விடும், தினமும் காலையில் போட்டால் புதிதாக எதுவும் குடலில் ஒட்டாது. சட்டத்தில் அதற்குத் தடையில்லை. மோர் குடிப்பதற்குத் தடை போடுவீர்களா என்று ஒரு வக்கீல் கேட்டாராம். என்கிளேவில் எல்லாச் சாப்பாட்டு மேசையிலும் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருக்கும். என் வீட்டிலும் இருந்தது. என் மனைவி மாதங்கி வாங்கி வைத்தது. "எல்லாரும் போடறாங்க. நம்ம நம்பர் மட்டும் எரிஞ்சா அசிங்கம்" என்றாள். ஆடி மாதம் டெங்குவில் போய்விட்டாள். டப்பா தீரவில்லை. நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மழை பெய்தால் என்கிளேவின் பம்ப் ரூமில் ஒரு வால்வைத் திறப்பார்கள். மொத்தக் கட்டடத்தின் கழிவும் நேராக மழைநீர் வடிகாலுக்குப் போகும். சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ஓய்வு. இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் இது பழக்கம். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பலகையில் எங்கள் எண் ஒருநாளும் எரிந்ததில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. மறுநாள் காலை பலகை முழுக்க ‘தா’ என்று தொடங்கும் எண்கள். தா என்றால் தாங்கல்மேடு. கிழக்குக் கரையில் நாற்பது வீடு. என்கிளேவில் பாத்திரம் கழுவுகிறவர்களும் பிள்ளை பார்க்கிறவர்களும் கார் துடைக்கிறவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

கெளுத்தி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. காலை நடைக்கு வந்தவர்கள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பலகையைப் படம் எடுத்தார்கள். என்கிளேவ் நலச்சங்கத்தின் செயலாளர் சுதர்சனம் பச்சை டிராக்சூட்டில் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மாநகராட்சி மழைநீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர் ஹேமலதா ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராக அவரிடம் போனார்.

"பாத்தீங்களா மேடம்? இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்? நாங்க இத்தனை ஃபேமிலி இருக்கோம். ஒரு நம்பர் எரியுதா?"

"இல்ல சார்."

"டிசிப்ளின்" என்றார் சுதர்சனம்.

ஹேமலதா என்னைப் பார்த்தார். "இளம்பரிதி, ரீடிங் கரெக்டா?"

"கரெக்ட்தான் மேடம். எல்லாம் தா சீரிஸ்."

"அவங்க பொது டாய்லெட் தொட்டி கரையை ஒட்டி இருக்கு. கசியுது போல."

"கசியுதா?" சுதர்சனம் சிரித்தார். "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு மேடம். எப்ப காலி பண்றீங்க?"

"உடனே முடியாது சார். ரூல் இருக்கு. முதல்ல தற்காலிகமா வேற இடத்துல வைப்போம். தொட்டியை சீல் பண்ணுவோம். அடுத்த பெருமழைக்கு ரீடிங் எடுப்போம். தா நம்பர் வரலைன்னா குத்தம் அவங்களோடதுன்னு உறுதி, நிரந்தரமா அனுப்பிடலாம். வந்துச்சுன்னா குத்தம் அவங்களோடது இல்ல. திரும்பக் கொண்டுவந்து விட்டுடணும்."

"எப்படி மேடம் வரும்? ஆளே இருக்கமாட்டாங்களே."

தாங்கல்மேடு இருக்கும் இடத்தில் சைக்கிள் பாதை போட வரைபடம் ஏற்கெனவே தயார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெஞ்சுகளுக்கு என்ன நிறம் என்று வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

பவுனுவின் வீடு தா-17. மாதங்கி இருந்தபோதே எங்கள் வீட்டில் வேலை. காலையில் வந்து இயலைப் பார்த்துக்கொள்வாள். இயல் என் மகள், மூன்று வயது. மாலை நான் திரும்பியதும் பவுனு கிளம்புவாள். அன்று கிளம்பவில்லை. சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார், நீங்கதான் கையெயுத்து போட்டீங்களாமே?"

"ஆமா."

"படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?"

"கருவி சரியாத்தான் படிச்சிருக்கு, பவுனு."

"எங்க தொட்டி கசியல சார். மாசி மாசம்தான் புதுசா கட்டுனாங்க. ஒரு சொட்டு வெளிய போவாது."

"அப்ப பிரச்சினையில்ல. அடுத்த மழையிலயும் உங்க நம்பர் வந்தா திரும்பக் கூட்டிட்டு வந்துடுவாங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாங்க எங்கியோ கெடக்கறப்போ எங்க பீ எப்பிடி சார் இங்க வரும்?"

நான் தோளிலிருந்த பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன்.

"அப்போ கசிஞ்சாலும் போவணும், கசியலைன்னாலும் போவணும். நல்லா பண்றீங்க சார் சயின்ஸு."

இயலின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே வண்டிகள் வந்தன. வெளிவட்டச் சாலைக்கு அப்பால், ஓடாமல் மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். வாசலில் போலீஸ் காவல்.

இரண்டாம் நாளே என்கிளேவ் தள்ளாடியது. லிஃப்டில் குப்பைப் பைகள் பயணம் செய்தன. ஐடி கம்பெனிகளில் நூறு பேரை மேய்க்கிறவர்கள் ஒரு குக்கரைக் கழுவ முடியாமல் வாட்ஸ்அப்பில் அழுதார்கள். ஏரிக்காக இந்தத் தியாகம் என்று சுதர்சனம் எழுதினார். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

இயலை நான் அலுவலகத்துக்குத் தூக்கிப்போனேன். சாப்பாடுதான் சிக்கல். ஸ்பூனை நீட்டினால் வாயை மூடிக்கொண்டாள்.

"இது இல்ல. உருண்ட."

உருட்டிப் பார்த்தேன். சோறு விரலிடுக்கில் வழிந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

அவர்கள் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி மழை அடித்தது. பலகை எரிந்தது. தா, தா, தா. நடுவில் தா-17.

சுதர்சனம் பலகையின் கீழ் குடையோடு நின்றிருந்தார். "வேணும்னே வந்துட்டுப் போறாங்க மேடம். நம்மளைப் பழிவாங்க."

"அத்தனை தூரம் வந்து, கொட்டற மழையில ஏரியில உக்காந்துட்டுத் திரும்பிப் போறாங்களா சார்?" என்று கேட்டேன்.

"அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வைராக்கியம் பிடிச்ச ஜனங்க."

"வாசல்ல போலீஸ் நிக்குது. யாரும் வெளிய போகல" என்றார் ஹேமலதா.

"அப்ப மெஷின் கோளாறு. சங்கம் சார்பா ஆட்சேபம் தெரிவிக்கறேன்."

ஆட்சேபம் ஒருமுறை தெரிவிக்கலாம். அதுவும் விதியில் இருக்கிறது. அடுத்த மழையில் எடுக்கும் ரீடிங்தான் கடைசி என்று முடிவானது. அதற்குள் கருவியைச் சோதிக்கும்படி ஹேமலதா என்னிடம் சொன்னார்.

ஏரியில் வந்து விழும் வடிகால் வாய் ஒவ்வொன்றிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கையடக்கமான சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். தாங்கல்மேட்டு வடிகாலில் எதுவும் இல்லை. தா எண்கள் அத்தனையும் ஆம்பல் என்கிளேவ் வடிகாலிலிருந்து வந்துகொண்டிருந்தன.

வீட்டுக்குப் போய், இயல் உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அதே கருவியில் வைத்தேன். தா-17 என்று காட்டியது. அது மட்டும்தான். எங்கள் வீட்டு எண்ணான ஆ-204 இல்லை. எப்படி இருக்கும்? நானும் மாதங்கியும் அவளுக்குக் கொடுக்க எங்களிடம் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஹேமலதாவின் அறைக்குப் போனேன்.

"மேடம், என்கிளேவ்ல பெரியவங்க எல்லாரும் மாத்திரை போடறாங்க. எவ்வளவு திறந்துவிட்டாலும் பலகைக்குத் தெரியாது."

"தெரிஞ்ச விஷயம்தானே."

"குழந்தைங்களுக்கு மாத்திரை குடுக்கக்கூடாது. சொட்டும் போடல. ஏன் போடலன்னு கையேட்டுல இருக்கு. ஊட்டற தாயோட கையிலேருந்து முத்திரை தானாப் பிள்ளைக்குப் போயிடும்னு எழுதியிருக்காங்க."

"சரி."

"என்கிளேவ்ல யாரு மேடம் ஊட்டறாங்க?"

ஹேமலதா பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். "என் பையனைப் பாத்துக்கவும் ஒரு அம்மா வராங்க" என்றார்.

"பிசைஞ்ச கையை ருசி பார்த்துட்டு அதே கையால ஊட்டறாங்க. தங்களோட சோத்து டப்பாவுலேருந்து ஒரு வாய் குடுக்கறாங்க. பலகையில எரியறது தாங்கல்மேடு இல்ல மேடம். எங்க பிள்ளைங்க."

"புரியுது."

"அப்ப அந்த வால்வை மூடச் சொல்லுங்க."

"அது கழிவுநீர்ப் பிரிவு. நான் மழைநீர்."

"கழிவுநீர்தானே மழைநீர்க் குழாய்ல வருது?"

"மழைநீர்க் குழாய்ல வந்தா அது மழைநீர், இளம்பரிதி. கழிவுநீர்க் குழாய்ல வந்தாத்தான் அவங்க ஃபைலே எடுப்பாங்க. எழுதி அனுப்பறேன். நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள பதில் வரலாம்." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. "என் கையில இருக்கறது ஒண்ணுதான். அடுத்த மழையில தா நம்பர் ஒண்ணே ஒண்ணு எரிஞ்சாலும் அன்னிக்கே வண்டி அனுப்பிடுவேன். எரியலைன்னா என்னால எதுவும் பண்ணமுடியாது."

"எரியும் மேடம். பிள்ளைங்க இருக்காங்களே."

"ஆனா நீங்க கண்டுபிடிச்சதை சங்கத்துக்கு முறைப்படி தெரிவிக்கணும். அதுவும் ரூல்."

தெரிவித்தேன். என்கிளேவின் கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சமோசா இருந்தது. வடிகால், வால்வு, மாத்திரை, ஊட்டும் கை என்று வரிசையாகச் சொன்னேன். வால்வைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

சி பிளாக்கிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஒரு நிமிஷம். எங்க பொண்ணு வேலைக்காரியோட சாப்பாட்டு டப்பாவுலேருந்தா சாப்பிட்டா?"

"எல்லாப் பிள்ளைங்களும்தான்."

"நான் தினம் ஆர்கானிக் கிச்சடி பண்ணி வெச்சுட்டுப் போறேனே. அது என்ன ஆச்சு?"

"அதை அவ தின்னிருப்பா" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"எங்களுது ப்யூர் வெஜ் வீடு சார். அவ என்ன குடுத்தா? கருவாடா?"

"கருவாடு முத்திரையில தெரியாது சார்" என்றேன்.

"என்ன நம்பிக்கைத் துரோகம் பாருங்க."

சுதர்சனத்தின் பேரன் எந்த எண் என்று அவரே கேட்டார். எனக்குத் தெரியாது, சோதித்தால் சொல்லலாம் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகு நினைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதுக்கு மருந்து இருக்கா? குழந்தைங்களுக்கு?"

டி பிளாக்கில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். சிரப் புதிதாக வந்திருக்கிறது, பாதுகாப்பானது, இரண்டு நாள் கொடுத்தால் சுத்தமாகிவிடும் என்றார். கைதட்டினார்கள். பலகையும் இனி எரியாது, சைக்கிள் பாதையும் வந்துவிடும் என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஏரி என்ற சொல் கூட்டத்தில் வரவில்லை. சமோசா தீர்ந்தது.

ஒரு வாரத்தில் என்கிளேவின் பிள்ளைகள் எல்லோரும் யாருடைய பிள்ளைகளும் இல்லை என்று ஆனார்கள்.

எங்கள் வீட்டுக்கான பாட்டிலைச் சுதர்சனமே கொண்டுவந்தார்.

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது தம்பி. அம்மா இல்லாத குழந்தை. காலையில அஞ்சு மில்லி, ராத்திரி அஞ்சு மில்லி."

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"மருந்து."

"சைட் எஃபெக்ட் கிடையாதுப்பா."

"தெரியும் சார். நான் படிச்சதே அதான்."

அவர் குரலை இறக்கினார். "உங்க பொண்ணு ஒருத்தியால பலகை எரிஞ்சா நாற்பது வீடும் திரும்பி வந்து உக்காரும். யோசிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீங்க இங்க ஓனர். டெனன்ட் இல்ல. அந்தப் பொறுப்பு இருக்கணும்."

"பாங்க்தான் சார் ஓனர். உங்களுக்குத் தெரியாததா?"

பாட்டிலை ஷூ அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் எதையும் எதிர்க்கவில்லை. மூடியைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இன்னொரு சங்கடம் இருந்தது. சொட்டாகப் போன முத்திரை தங்கும். கை வழியாகப் போனது, தொடர்ந்து ஊட்டாவிட்டால் மங்கும். இயலை மறுபடி சோதித்தேன். தா-17 பாதியாகக் குறைந்திருந்தது. மழைக்குள் காணாமல் போய்விடும்.

அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்து வாசலில் மணமக்களை வாழ்த்தும் பலகை இன்னும் நின்றது. அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பவுனு குழாயடியில் இருந்தாள். இயல் என் கையிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். பவுனு ஈரக் கையோடு அவளை அள்ளிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா சார், இன்னும் எங்கியாவது கையெயுத்து பாக்கி இருக்குதா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அப்போ பாப்பா எங்க வூட்டு ஆளா? ரேசன் கார்டுல சேத்துடட்டா? சக்கரை எச்சா தருவான்."

"சேத்துக்கோ."

"செக்கட்டரி ஐயா பேரனும் எங்க ஆளுதானா?"

"இருந்தான். மருந்து குடுத்துட்டாங்க."

சிரிப்பு நின்றது. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். இயலைத் தவிர."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பவுனு அதை மூடினாள்.

"அப்போ நாற்பது வூடும் இந்தப் பாப்பா வெளிக்கிப் போறதுல தொங்குது."

"மழை அன்னிக்கு. ஆமா."

"நல்லா இருக்குது சார் உங்க கவர்மெண்டு." இயலின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "தங்கம், மய அன்னிக்கு ஏமாத்திடாதடி."

யாரோ ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். இன்னொருத்தி கீரை கடையப் போனாள். பவுனு தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துப் பார்த்து, உருட்டி ஊட்டினாள். இயல் ஒவ்வொரு உருண்டைக்கும் வாயைத் திறந்தபடியே நின்றாள். நான் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து மொபைலில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க துன்னீங்களா?"

"அப்புறம்."

"அம்மா போனதுலேருந்து இந்த அப்புறத்தைத்தான் துன்னுக்கினு இருக்கீங்க. மூஞ்சியப் பாருங்க, பல்லி மாதிரி." ஒரு உருண்டையை என் பக்கம் நீட்டினாள். "கைய நீட்டுங்க. வாயில ஊட்டுவேன்னு பாக்காதீங்க."

கையை நீட்டினேன். புளிக்குழம்புச் சோறு. உப்பு அதிகம். சாப்பிட்டேன். இன்னொன்று வைத்தாள்.

தினமும் போனோம். அவள் இயலுக்கு மூன்று, எனக்கு ஒன்று என்று உருட்டினாள். கையெழுத்தைப் பற்றி நடுநடுவே குத்தினாள். மாத்திரை டப்பா அந்த வாரம் தீர்ந்தது. கடைக்குப் போக நேரமில்லை, வாங்கவில்லை.

மழை வரவில்லை. வானிலைக்காரர்கள் சொன்ன நாட்களில் எல்லாம் வெயில் அடித்தது. என்கிளேவில் பெஞ்சுகள் வந்து இறங்கிவிட்டன. மஞ்சள் நிறம்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியலில் பெய்யத் தொடங்கியது. இயலுக்கு முதல் நாளிலிருந்தே வயிறு கட்டியிருந்தது. கிண்ணத்தில் உட்காரவைத்தேன். பொம்மையைக் கொடுத்தேன். வெந்நீர் கொடுத்தேன். பாட்டுப் பாடினேன், எனக்குப் பாட வராது. பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து போனாள். வாழைப்பழத்தைக் காட்டினால் தலையைத் திருப்பினாள். கீழே பம்ப் ரூமில் வால்வைத் திறக்கும் சத்தம் குழாய்க்குள் கேட்டது. மொத்த என்கிளேவும் யாருடையதும் இல்லாத கழிவை ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

நான்கு மணி வரை பலகை பச்சையாகவே இருந்தது. ரீடிங் மாலை ஐந்துக்கு முடியும். இயலைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். ஏரியில் நுரை மிதந்தது, நாற்றம் தாங்க முடியவில்லை. அந்த நாற்றத்துக்கு மேலே பச்சை விளக்கு ‘சுத்தம்’ என்று எரிந்தது. சுதர்சனம் அதன் கீழ் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார். ஹேமலதா ஜீப்புக்குள் இருந்தார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பாப்பா போகலையா?"

"இல்ல மேடம். நேத்திலேருந்தே."

"இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு."

"தெரியும்."

மண்டபத்தில் பவுனு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அங்கேயும் மழை பெய்துகொண்டிருக்கும். வாசலில் நின்று வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

பலகை சிவப்பானது.

தா-17. ஒரே ஒரு எண்.

சுதர்சனம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குடையோடு வேகமாக வந்தார். "சொன்னேன் இல்ல? உங்க பொண்ணு!"

"அவ போகல சார்."

"பொய் சொல்லாதீங்க."

"காலையிலேருந்து கெஞ்சறேன். போகல."

ஹேமலதா ஜீப்பிலிருந்து இறங்கினார். "அப்ப யாரு? என்கிளேவ்ல வேற யாருக்குத் தா-17 இருக்கு?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையில், மழை சத்தத்தில், இயலைக் கிண்ணத்தில் உட்காரவைப்பதற்கு முன்னால், நான் வழக்கம்போலப் போய்விட்டு வந்திருந்தேன். அது ஏரிக் கருவி வரை வந்து சேர இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"நான் மேடம்" என்றேன்.

"நீங்களா?" சுதர்சனத்தின் குரல் உடைந்தது. "உங்க நம்பர் ஆ-204 இல்ல?"

"இருந்துச்சு."

"எப்படி? நீங்க... அவங்க வீட்டுச் சோத்தை..." அவர் என் வாயையே பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். பிறகு ஹேமலதாவிடம் திரும்பினார். "மேடம், இது செல்லாது. இவர் அந்தக் காலனி ஆள் இல்ல. இது மோசடி."

ஹேமலதா ரீடிங்கைப் படம் எடுத்தார். மழைத்துளியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

"ரூல்ல யாரு உடம்புன்னு இல்ல சார். தா நம்பர் எரியுதா, இல்லையான்னுதான் இருக்கு" என்றார். ஓட்டுநரிடம் வண்டிகளுக்குச் சொல்லச் சொன்னார்.

இயல் என் தோளில் தூங்கிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் எழுந்து, தானாகவே கிண்ணத்தில் போய் உட்கார்ந்தாள்.

வண்டிகள் மறுநாள் காலை வந்தன. நல்ல வெயில். நடைபாதையில் வழக்கமான கூட்டம், வழக்கமான கைவீச்சு. மஞ்சள் பெஞ்சுகள் பிளாஸ்டிக் உறையோடு தாங்கல்மேட்டு ஓரத்தில் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் மூட்டைகளை இறக்கி வைத்தார்கள்.

பவுனு இறங்கி, சீல் வைத்த தொட்டியைப் பார்த்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்தாள். இயலை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு ஏரிப் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா நாத்தம் சார் இது!" நடைபாதை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "நாங்கதான் இங்க இல்லியே. இத்தினி நாளா இதுல யாரு சார் போனது?"

நடந்துகொண்டிருந்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.